எந்த இடத்துத் துரு என்று நான் கேட்கவில்லை

முப்பத்திரண்டு வயதில் ‘நான் வேலை பார்த்த காலத்தில்’ என்று எழுதத் தொடங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வேலையை விட்டு மூன்று வருடமாகிவிட்டது. திரும்பிப் போகப்போவதில்லை. நான் உட்கார்ந்திருந்த மேசையும் இன்னும் சில வாரங்களில் இருக்காது என்கிறார்கள். ஓய்வு பெற்றவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை எழுதச் சொன்னவள் ஷாலினி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் இருந்த கார் சர்வீஸ் சென்டரில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். முதன்முதலாகக் கார் வாங்கி, சின்ன வேலைகளைத் தாங்களே செய்துபார்க்க நினைப்பவர்கள் போன் செய்து கேட்பதற்கென்று அங்கே ஒரு மேசை உண்டு. அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் படம் போட்டு ஒரு செயலியில் கொடுக்கப்போகிறார்களாம். “அக்கா, அடிப்படைக் குறிப்பு ஒரு இருபது எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே” என்றாள்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். இருபது வரவில்லை. பதினான்கோடு நின்றது. அதிலும் ஒவ்வொன்றையும் எழுதியபின் சந்தேகம். ‘இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்’ என்று எழுதினேன். சூடு என்றால் எவ்வளவு சூடு? படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதை அடித்துவிட்டு, ‘வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரமாவது ஆகட்டும், மேலே போகும் ரப்பர்க் குழாயைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அதன்பிறகும் மூடிமேல் தடித்த துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறங்கள்’ என்று மாற்றினேன். ‘பேட்டரி வயரைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.’ ‘சக்கரத்து நட்டுகளை ஜாக்கி போடுவதற்கு முன்பே கால் சுற்று தளர்த்திவிடுங்கள், சக்கரம் தொங்கும்போது பலம் கொடுத்தால் வண்டி நழுவும்.’ ‘ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தூக்கிய வண்டிக்கு அடியில் உடம்பின் எந்தப் பாகமும் போகக் கூடாது.’ இவையெல்லாம் சரி. பதினைந்தாவதாகத் துருவைப் பற்றி எழுத வேண்டும். அதை ஒரு வரியில் எழுத என்னால் முடியவில்லை. ஆகவே ஷாலினிக்கு அந்தப் பதினான்கை அனுப்பிவிட்டு, இதைத் தனியாக எழுதுகிறேன்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் போனைத் தொட விடவில்லை. ஸ்டெப்னி மாற்றுவது, ஆயில் குச்சியைத் துடைத்து அளவு பார்ப்பது, பியூஸ் மாற்றுவது, ஏர் பில்டரைத் தட்டி மாட்டுவது எல்லாவற்றையும் என் கையாலேயே செய்யவைத்தார்கள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நட்டு முடுக்கியதில் உள்ளங்கை காய்த்துப்போனது. அவ்வளவுதான் என் பயிற்சி.

மேசைக்குப் பொறுப்பாளர் மேரி மேடம். ஆவடிக்காரர். உதிரிபாகக் கிடங்கில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு பதில் அவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்பார். மூன்றாம் தடவையும் கேட்பார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அழைப்பை எடுத்ததும் நாங்கள் கேட்க வேண்டியவை நான்கு. வண்டி சமதரையில் நிற்கிறதா, சரிவிலா? பக்கத்தில் குழந்தைகள் இருக்கிறார்களா? கையில் என்ன வைத்திருக்கிறீர்கள்? எந்த இடத்தைத் தொடப்போகிறீர்கள்? இவற்றுக்குப் பதில் வந்தபிறகுதான் வழி சொல்லலாம். சொல்லி முடித்ததும் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் வாயால் சரியாக வந்தால்தான் போனை வைக்கலாம். ஒவ்வொரு அழைப்பையும் ஒரு பெரிய பதிவேட்டில் நேரம், வண்டி எண், போன் எண்ணோடு எழுதுவோம். மாலையில் மேரி மேடம் பக்கத்தைப் படித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

திருப்பிச் சொல்லச் சொல்வது சிலருக்கு அவமானமாக இருக்கும். “நான் இன்னாம்மா, ஸ்கூல் புள்ளையா?” என்று ஒருவர் கேட்டார். பேட்டரி வயர் கழற்றுவதற்காக அழைத்தவர். கெஞ்சிக் கேட்டபிறகு, “சரி. மொதல்ல மைனஸ், அதாவது அந்த செவப்பு ஒயரு...” என்றார். சிவப்பு பிளஸ். அன்றைக்கு நான் போனை வைத்தபிறகு வெகுநேரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து ஒருவர் கருகல் வாசனை வருகிறது என்று அழைத்தார். நான் பயந்துபோய், எல்லோரையும் இறக்கி, வண்டியைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். வயதானவர்களோடு ஒரு கல்யாணக் கூட்டமே பட்டுப்புடவையில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது. எங்கள் ஆள் போய்ப் பார்த்தால் சைலன்சரில் ஒரு பிளாஸ்டிக் பை உருகி ஒட்டியிருந்தது. “மேடம் ஊட்ல அப்பளம் கருகினா தீயணைப்பு வண்டியைக் கூப்டுவாங்களோ” என்று அழைத்தவர் மறுபடி போன் செய்து கேட்டுவிட்டு வைத்தார். பணிமனையில் ஒரு வாரம் என்னை ‘அப்பளம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு ஒருநாள் காலையில் நான் நாற்பது நிமிடம் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நியாயப்படுத்தவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பாரிவாக்கத்திலிருந்து தேவராஜ் என்று ஒருவர் அடிக்கடி அழைப்பார். அங்கேயே பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். நிலம் இருந்த இடத்தில் இப்போது கிடங்கு வந்துவிட்டது. அந்தக் கிடங்கிலேயே சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தார். அந்த வீட்டுக்கு வந்த முதல் கார். ஞாயிறு தவறாமல் எதையாவது கழற்றுவார். “மேடம், இன்னிக்கு ஏர் பில்டரு. நானே தட்டி மாட்டிட்டேன். இப்ப சும்மா கெத்தா ஓடுது” என்று வேலை முடிந்தபிறகும் அழைத்துச் சொல்வார். திருப்பிச் சொல்லுங்கள் என்றால் கோபப்படாத ஒரே ஆள். நான் கேட்பதற்கு முன்பே “இருங்க, நான் ஒப்பிக்கறேன்” என்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்றைக்குப் பதினொரு மணியிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோரும் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின்மேல் குழாயைப் பிடித்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றவர்கள் மட்டுமே நாலைந்து பேர். நான்கு மணிக்குப் பணிமனையிலும் பூஜை. மேரி மேடம் பொரியும் பழமும் வாங்கப் போயிருந்தார். என் மகளுக்கு அப்போது பத்து மாதம். காலையில் லேசாக உடம்பு சுட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அத்தையிடம், என் மாமியாரிடம், விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு தடவை வீட்டிலிருந்து அழைப்பு வந்து, எடுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் தேவராஜ்.

“மேடம், சக்கரத்தைக் கழட்டி வெச்சிகீறேன். நீங்க சொன்ன மாரியே, கல்லு வெச்சி, நட்ட லூஸ் பண்ணிட்டுத்தான் ஜாக்கி போட்டேன்.”

“ரொம்ப நல்லது சார்.”

“உள்ளாற ஒரே துருவா கீது மேடம். நாளைக்கு பத்தரைக்குப் பூசை. பாக்க அசிங்கமா கீது. இன்னா பண்றது?”

சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே துரு என்றதும் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. சக்கரம் உட்காரும் நடுப்பகுதி, ஹப். அதில் துரு ஏறினால் அடுத்த தடவை சக்கரம் ஒட்டிக்கொண்டு கழற்ற வராது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து லேசாக எண்ணெய்ப் பசை காட்டி மாட்டுவது வழக்கம். என் கையாலேயே பலமுறை செய்த வேலை.

“கம்பி பிரஷ்ஷால தேய்ச்சிட்டு, லேசா எண்ணெய்த் துணியால துடைச்சு மாட்டுங்க சார்” என்றேன். அடுத்த அழைப்பின் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. “நாலு சக்கரத்துக்கும் பண்லாமா?” என்றார். “பண்ணுங்க” என்றேன். “இருங்க மேடம், ஒப்பிச்சிடறேன்” என்றவரிடம், “உங்களுக்குத்தான் தெரியுமே சார், பரவாயில்ல. பூஜை நல்லபடியா நடக்கட்டும்” என்று வைத்துவிட்டேன்.

பதிவேட்டில் ‘சக்கரத் துரு, எண்ணெய்த் துணி’ என்று எழுதினேன்.

மறுநாள் விடுமுறை. எங்கள் வீடு திருமுல்லைவாயிலில். என் கணவருக்கு அமெரிக்கக் கம்பெனி வேலை, அன்றைக்கும் அலுவலகம் உண்டு. அமெரிக்காக்காரர்களுக்கு ஏது ஆயுத பூஜை. அத்தை விருதுநகரிலிருந்து வந்திருந்தார். கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் செய்தித்தாள்மேல் பரப்பி, நல்லெண்ணெய் தொட்ட துணியை என் கையில் கொடுத்தார். “வெட்டுற பக்கமெல்லாம் பளபளன்னு வரணும்” என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மடியிலிருந்து எட்டி எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடிக்கப் பார்த்தாள். அவள் கையைத் தள்ளிவிட்டு அரிவாள்மனையின் இரும்பைத் துடைத்தேன். துணி போன இடமெல்லாம் துரு கரைந்து மினுமினுத்தது.

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது ஹப் அல்ல. பிரேக் தட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக, மழையில் நனைந்தால் ஒரே இரவில் செம்மண் நிறத்துக்கு வருவது. ‘பாக்க அசிங்கமா கீது’ என்று ஒருவர் சொன்னால் அது அந்தத் தட்டாகத்தான் இருக்கும். அந்தத் துருவுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். தெருவில் நாலு தடவை பிரேக் மிதித்தால் தானே போய்விடும். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடிப்பதால்தான் கார் நிற்கிறது. அதில் எண்ணெய் பட்டால் கவ்வாது. வழுக்கும். எண்ணெய்த் துணி என்று சொன்னவள் நான். எந்த இடம் என்று கேட்காதவளும் நான்.

மணி எட்டு நாற்பது. பத்தரைக்குப் பூஜை. பூஜை முடிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, எல்லோரும் பார்க்க வண்டியை முன்னால் நகர்த்துவார்கள்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தேன். ஒருவேளை ஹப்பைத்தான் கேட்டிருப்பாரோ? அவர் சாமர்த்தியசாலி, தட்டில் எண்ணெய் போடக் கூடாதென்று தெரியாமலா இருக்கும்? மறுபடியும் அப்பளமாகிவிட்டால்? அத்தையிடம் சொன்னேன். அத்தை திகைத்தார். “நல்ல நாளும் அதுவுமா ஒருத்தருக்குப் போன் போட்டு உங்க வண்டி நிக்காதுன்னு சொல்லப்போறியாம்மா? பூஜை பண்ற வீட்டுல அது வெளங்குமா?” என்றார். அதுவும் எனக்குள் போய் உட்கார்ந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்தேன். கொடுக்கும்போது அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். தேவராஜ் வீட்டிலும் சின்னக் குழந்தை உண்டு. போனில் அதன் சத்தம் கேட்டிருக்கிறேன்.

ஒன்பது இருபதுக்கு மேரி மேடத்தை அழைத்தேன். நாற்பது நிமிடம் போய்விட்டது.

“அவர் எந்த இடம்னு சொன்னாரா?” என்றார்.

“நான் கேக்கல மேடம்.”

“திருப்பிச் சொன்னாரா?”

“சொல்றேன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன்.”

எதிர்முனையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. “அவர் நம்பர் பதிவேட்டுலதான் இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. நான் போறேன். நீ போனைக் கையிலயே வெச்சிக்கோ” என்றார். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு அவர் ஸ்கூட்டரில் வந்து, பூட்டைத் திறந்து, பதிவேட்டைப் பார்த்து என்னை அழைத்தபோது பத்து மணியாகிவிட்டது. எண்ணைச் சொல்லிவிட்டு, “நீயே பேசு. உன் குரல்தான் அவருக்குப் பழக்கம்” என்றார்.

அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பூஜையில் உட்கார்ந்திருப்பவர் எப்படி எடுப்பார்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பத்து முப்பத்தைந்துக்கு ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் மணி ஒலியும் பேச்சுச் சத்தமும்.

“யாரு?”

“சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேன். தேவராஜ் சார் இருக்காரா?”

“அவரு வண்டில ஏறிட்டாருமா. நான் அவரு சம்சாரம், கஸ்தூரி. பூசை நேரத்துல இன்னாம்மா போன் மேல போன்?”

“அவர் வண்டிய எடுக்கக் கூடாது. பிரேக் பிடிக்காது.”

“வாயக் கீயக் கழுவும்மா. இன்னா பேச்சு இது?”

அத்தை சொன்னது சரியாகப் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வாய் தானாகவே அந்த நான்கு கேள்விகளுக்குப் போனது. “வண்டி எங்க நிக்குது? சமமா, சரிவா?”

“போர்ட்டிகோல. ஊட்ட ஒசத்திதானே கட்டிகீறோம். முன்னால சரிவு எறங்கி ரோடு.”

“முன்னால யார் நிக்கறாங்க?”

“எல்லாருந்தான். கீழ எங்கண்ணன் பூசணிக்கா வெச்சிகினு நிக்கறான். நான் ஆரத்தித் தட்டோட நிக்கறேன். பாப்பா அவரு மடில உக்காந்துகினு கீது.”

“நீங்க மொதல்ல சரிவுலேர்ந்து விலகி பக்கவாட்டுல வாங்க. எல்லாரையும் விலகச் சொல்லுங்க. அவர்கிட்ட, கால் பிரேக்கை நம்பாதீங்க, ஹேண்ட் பிரேக்கை இழுங்கன்னு சொல்லுங்க. திருப்பிச் சொல்லுங்க கஸ்தூரி.”

“இன்னாம்மா நீ...”

“திருப்பிச் சொல்லுங்க.”

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். கஸ்தூரி தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். “எல்லாரும் வெலகணும். கால் பிரேக்கை நம்பாத. ஹேண்ட் பிரேக்கை இழு.” பிறகு அதையே உரக்கக் கத்தினாள். அவள் கத்தும்போதே இன்ஜின் உறுமுவது கேட்டது. கூட்டத்தில் யாரோ “ஏய் ஏய் ஏய்” என்றார்கள். ஏதோ பலமாக விழுந்து உடைந்தது. பிறகு ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அழுகிற குழந்தை உயிரோடு இருக்கிறது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

“நின்னுடுச்சி” என்றாள் கஸ்தூரி. மூச்சு வாங்கியது. “பாதி சரிவுல நின்னுடுச்சி. ஒருத்தருக்கும் ஒண்ணியும் இல்ல. எங்கண்ணன்தான் பூசணிக்காவைப் போட்டுட்டு பக்கத்து ஊட்டுக் காவாய்ல குதிச்சிட்டான்.”

எலுமிச்சம்பழம் நசுங்கி, முன்சக்கரம் சரிவின் விளிம்புக்கு வந்ததும் தேவராஜ் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நிற்காமல் இறங்கியிருக்கிறது. மனைவியின் கத்தல் காதில் விழுந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார். கால் பிரேக்கின் பிடியில் பெரும்பங்கு முன்பக்கத் தட்டுகளில்தான். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில், டிரம் என்னும் மூடிய கூட்டுக்குள் வேலை செய்வது. அங்கே அவர் துணி எட்டியிருக்கவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்னேன். வண்டியைக் கியரில் விட்டு அணைக்கச் சொன்னேன்.

பிறகு தேவராஜ் போனை வாங்கினார். பின்னால் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். “மேடம், நீங்கதானே எண்ணெ போட்டுத் தொடைக்கச் சொன்னீங்க?”

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் சொன்னது இது: “இல்ல சார். நான் சொன்னது ஹப்புக்கு. தட்டுக்கு இல்ல. நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டீங்க.”

ஹப் என்ற சொல்லை முந்தின நாள் நான் உச்சரிக்கவே இல்லை.

“அப்டியா மேடம்” என்றார். பிறகு, “சரி மேடம்” என்றார். ஒப்பிக்கிற குரல் இல்லை அது.

மறுநாள் எங்கள் ஆட்கள் போய் வண்டியை இழுத்துவந்து, தட்டுகளைக் கழுவி, எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டினார்கள். நான் பதிவேட்டில் எழுதினேன்: ‘வாடிக்கையாளர் தவறாகப் புரிந்துகொண்டு பிரேக் தட்டில் எண்ணெய் தடவினார். சரி செய்யப்பட்டது.’

மாலையில் மேரி மேடம் அந்தப் பக்கத்தைப் படித்தார். “சுகந்தி, அவர் திருப்பிச் சொன்னாரா?” என்று கேட்டார்.

“மேடம், அன்னிக்கே சொன்னேனே...”

தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் மூடி வைத்தார். அடுத்த நாள் மாலை அன்றைய பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முந்தின பக்கத்தைத் திருப்பி, “அவர் திருப்பிச் சொன்னாரா?” என்றார். அதே குரல். மூன்றாம் நாளும் கேட்டார். எனக்கு இரவில் தூக்கம் போய்விட்டது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். எங்கள் வீட்டுக் கடனுக்கு என் சம்பளமும் வேண்டியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஒரு வரியால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் தேவராஜும் கஸ்தூரியும் வண்டியை எடுத்துப்போக வந்தார்கள். கஸ்தூரி ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்திருந்தாள். “இவங்கதான் அந்தக் குரலா? நான் கூட பெரிய பொம்பளைன்னு நென்ச்சேன். வாயக் கழுவுன்னு சொல்லிட்டேன்கா, மனசுல வெச்சிக்காதீங்க” என்றாள். தேவராஜ் சிரித்தார், ஆனால் என் மேசைக்கு வரவில்லை. வழக்கமாக அவர் போன்ற ஆள் பணிமனைக்குள் வந்தால் ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போவார். இவர் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்தது என்ன சார், கூலன்ட் பாக்கலாமா?” என்றேன்.

“அதெல்லாம் வேணாம் மேடம். இனிமே எல்லாம் இங்கயே வுட்டுடறேன். நமக்கு அந்த மூள இல்ல.”

கஸ்தூரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஸ்பானர் செட்டு, ஜாக்கி எல்லாத்தையும் எங்கண்ணன் கைல குடுத்துட்டாருக்கா. அவன் கால் டாக்சி ஓட்றவன். தெரு பூரா சொல்லிகினு திரியறான், எம் மச்சான் காருக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டினான், சீக்காத்தூள்தான் பாக்கின்னு. கெடங்குலயும் தெரிஞ்சிப்போச்சி. இவரைப் பாத்தா ‘இன்னா மாமே, தலைக்கு எண்ணெ போட்டியா’ன்றானுங்க. புள்ளைய மடில வெச்சிகினு கொல்லப் பாத்தியேன்னு எங்கம்மாவே கேட்டுட்டாங்க. இவரு சோறு சரியா துன்றதில்ல.”

யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வாசலோரம் உட்கார்ந்திருந்தது.

மேரி மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம்தான் இருந்தார். நான் எழுந்து தேவராஜிடம் போனேன். “சார், நீங்க தப்பா புரிஞ்சிக்கல. நீங்க துருன்னு சொன்னதும் எந்த இடம்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. ஹப்புன்னு நான் சொல்லவே இல்ல. நீங்க ஒப்பிக்கறேன்னீங்க, நான்தான் வேண்டாம்னேன். அன்னைக்குப் போன்ல உங்களைச் சொன்னது பொய். தப்பு என்னுது.”

தேவராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபத்துக்குக் காத்திருந்தேன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சரிவில் இறங்கியவர். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம்.

“அப்ப நான் சரியாத்தான் கேட்டனா?”

“ரொம்பச் சரியாக் கேட்டீங்க.”

“நீங்க சொன்னதத்தான் செஞ்சனா?”

“ஆமா சார்.”

கஸ்தூரி அதிரச டப்பாவை மேசையிலிருந்து தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். “இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாக்கா?” என்றாள்.

தேவராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். கை உறுதியாக இருந்தது.

“இன்னா மச்சான்” என்றது போன். “சீக்கா வாங்கிட்டியா?”

“டேய், சர்வீஸ் சென்டர் மேடம் பேசறாங்க. வாய மூடிகினு கேளு.” என்னைப் பார்த்தார். “சொல்லுங்க மேடம்.”

மேரி மேடம் தடுப்பைத் தாண்டி வெளியே வந்து நின்றார். வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் ஸ்பானரைக் கீழே வைத்தார்கள். முகம் தெரியாத ஒரு மனிதனிடம், நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். உங்கள் மச்சான்மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று முடித்தேன்.

போனில் வண்டிச் சத்தம் கேட்டது. “டிராபிக்ல கீறேன்” என்றது குரல். “ஒண்ணியும் சரியா கேக்கல.”

தேவராஜ் போனை இன்னும் கிட்டே நீட்டினார். “கேக்கலையாம் மேடம். இன்னொருதபா.”

இந்த முறை சத்தமாகச் சொன்னேன்.